பேசாத வீட்டில் ஒரு தலைவலி

1

இந்தக் கதை பிறந்த இடத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். போன மாதம் இங்கே பினாங்கில் ஒரு கிளினிக்கில் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்த நர்ஸ், "தலவலி இருக்கா அண்ணே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "இல்லாமலே இவ்வளவு ஏறியிருக்கே லா!" என்று வாயைப் பிளந்தாள். ரத்த அழுத்தம் பெரும்பாலும் ஆளுக்குத் தெரியாமலேதான் ஏறுமாம். தலை வலிக்கிற அளவுக்குப் போய்விட்டால் அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லையாம். எனக்கு வராத அந்தத் தலைவலியை யாருக்குக் கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். எழுதுகிறவன் புத்தி அப்படி.

2

முதல் தொடக்கம்: 1934ஆம் ஆண்டு, பினாங்குத் துறைமுகத்தின் மேல் கதிரவன் தன் பொற்கிரணங்களை—

சே, வேண்டாம். மூட்டை இறக்குகிறவன் எவனும் பொற்கிரணத்தைப் பார்த்ததில்லை.

மறுபடியும்: விடிந்தால் போதும், நல்லமுத்துவுக்குப் பிடரியில் வலி.

இது போதும். நல்லமுத்து துறைமுகக் கிடங்கில் மேஸ்திரி. ஐம்பதைத் தொட்டவர். சுங்கை பினாங்கில் பலகை வீடு. மனைவி பொன்னம்மை அவரோடு முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகிறது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல், ஒரே மகளைக் கடல் தாண்டி மெடானில் கட்டிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். சொன்னபடி கட்டியும் கொடுத்துவிட்டார். வாக்குக் கொடுத்த அன்றோடு அவள் பேச்சு நின்றது. சோறு போடுவாள், துணி துவைப்பாள். சொல்ல வேண்டியதை அடுப்பைப் பார்த்துச் சொல்வாள்: "வேணுங்கிறவுங்க வந்து தின்னுட்டுப் போகலாம்." அவரும் சுவரைப் பார்த்து, "கொழம்புல உப்பு பத்தல" என்பார்.

[உப்பு பத்தவில்லையாம்! பாவி மனுஷன்.]

3

ஒரு காலையில் அவர் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த பொன்னம்மை, அடுப்பை மறந்து நேராக அவரிடமே கேட்டுவிட்டாள்.

"என்னங்க செய்யுது?"

ஜாதிக்காய் எண்ணெயைச் சூடு காட்டி எடுத்துவந்து தடவினாள். அவள் விரல் பிடரியில் பட்டதும் மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம், வேறென்ன! அதன்பிறகு வலித்தாலும் தலைவலி, வலிக்காவிட்டாலும் தலைவலி.

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. இந்த வயசில் ஒருவர் சின்னப்பிள்ளை மாதிரி இப்படி நடிப்பாரா? என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். "ஏன், நீங்க பண்ணலையா?" என்றாள். சந்தேகம் தீர்ந்தது.)

4

மூக்கில் ரத்தம் வந்த அன்று, கூட வேலை செய்யும் அப்துல் ரஹீம், "அண்ணே, இது வெயிலு இல்ல லா, வாங்க" என்று டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் கையில் பட்டையை இறுக்கிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறியது.

"உப்பக் கொறைங்க. கொஞ்ச நாள் வேலைக்குப் போகாதீங்க. கண்ணு மங்குனாலும், ஒரு பக்கம் கை மரத்துப்போனாலும், பேச்சு கொழறுனாலும் அந்த நிமிஷமே இங்க வந்துரணும். வீட்டுல சம்சாரத்துக்கிட்டயும் சொல்லி வைங்க."

அதைத்தான் அவர் சொல்லவில்லை. வைத்தியம் பார்த்தால் தலைவலி போய்விடும். தலைவலி போனால் அவளும் அடுப்போடு பேசப் போய்விடுவாளே! வாயைத் திறக்கக் கூடாது என்று அப்துல் ரஹீமிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

"டாக்டர் என்னங்க சொன்னாரு?"

"வெயில் சூடுதானாம் புள்ள. எண்ண தடவுனா போதுமாம்."

5

இனி முடிவு. ஒன்று எழுதினேன்: அவர் உண்மையைச் சொல்கிறார், அவள் அழுகிறாள், உப்பு ஜாடியை ஒளித்து வைக்கிறாள், இருவரும் தொண்ணூறு வயது வரை— கிழித்துப் போட்டேன். அவர் சொல்ல மாட்டார், எனக்கு ஆளைத் தெரியும். இன்னொன்றில் அப்துல் ரஹீம் சத்தியத்தை மீறுகிறார். அவரும் அப்படிப்பட்டவர் இல்லை.

ஆகவே நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பொன்னம்மை எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மெடானுக்குப் போய்ப் புள்ளையப் பாத்துட்டு வருவோமாங்க? ரெண்டு பேருமா. எனக்கு இப்ப ஒங்க மேல கோவம் இல்ல."

இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தார்! போவோம் என்று சொல்ல வாயெடுத்தார். நாக்குப் புரளவில்லை. அவள் கையைப் பிடிக்கப் பார்த்தார். வலது கை மடியில் கிடந்தபடியே கிடந்தது. பயத்தில் உள்ளே கத்தினார், வெளியே ஒரு சத்தமும் இல்லை. தலை மட்டும் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று அவள் நினைத்தாள்.

மெல்ல எழுந்தாள்.

"சரி. இப்ப ஒங்க முறையாக்கும். எனக்கு வேணும்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குத் திரும்புகிறாள்.

6

அப்துல் ரஹீம் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு தன் வீட்டில் இருக்கிறார். நான் கூப்பிட்டால் பொன்னம்மைக்குக் கேட்காது, எழுதுகிறவன் குரல் கதைக்குள் இருப்பவர்களுக்குக் கேட்டதே இல்லை. டாக்டர் சொன்னது தெரிந்த இன்னொரு ஆள் நீங்கள்தான். எழுதுவதை இங்கேயே நிறுத்திவிட்டேன். நான் எழுதாத வரைக்கும் அவள் அடுத்த அடி எடுத்து வைக்க மாட்டாள்.

கூப்பிடுங்கள்.