பாதி அழிந்த எண்

ஷர்வின் தன் வலது முன்கையில் குத்திக்கொண்ட பச்சை பாம்போ பூவோ பெண்ணின் பெயரோ அல்ல. அது அவனுடைய அப்பா சன்னாசியின் பட்டாள எண்.

அதற்குக் காரணம் ஓர் ஆஸ்பத்திரிக் கவுண்டர். சன்னாசி பதின்மூன்று வருடம் ராணுவத்தில் இருந்தவர். மலேசியாவின் வட பேராக் காடுகளில் மூட்டையைச் சுமந்து ரோந்து போய் முழங்கால்களைத் தேய்த்துக்கொண்டவர். பீடோர் பக்கம் அவர் பிறந்த ரப்பர்த் தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். அப்போது படுக்கையில் கிடந்த அம்மாவையும் கண் தெரியாத அப்பாவையும் தூக்கிக் குடிவைக்க வேறு ஆள் இல்லை. கோப்ரலாக இருந்தவர் விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். முழுத் தவணை முடிக்காதவருக்குப் பென்ஷன் கிடையாது. அது சட்டம் என்று தெரிந்துதான் வந்தார். யாரிடமும் குறை சொன்னதில்லை. இப்போது ஈப்போவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஜாகா என்கிற காவல் வேலை. கார் வந்தால் கம்பத்தைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும்.

முழங்காலைக் காட்டப் போன அன்று முன்னாள் ராணுவத்தினருக்கான அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டார். கவுண்டரில் தன் எண்ணைச் சொன்னார். பழக்கதோஷம், சொல்லும்போது முதுகு தானாக நிமிர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"வர்ற அங்கள் எல்லாருமே பட்டாளத்துல இருந்தேன்னுதான் சொல்றாங்க லா," என்றாள். அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

பக்கத்தில் நின்ற ஷர்வினுக்கு அப்போது பதினாறு வயது.  மறு வருடம் அப்பாவின் பிறந்த நாளன்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"இனிமே கார்டு மறந்தாலும் பரவால்லப்பா. இந்தக் கையக் காட்டுங்க."

அம்மா நவமணி திட்டினாள். சன்னாசி திட்டவில்லை. அந்தக் கையைப் பிடித்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதைத் தாண்டி யோசிக்க அன்று அவருக்குத் தோன்றவில்லை.

பத்தொன்பதாவது வயதில் ஷர்வின் ராணுவத்துக்கு மனு போட்டான். ஈப்போவில் நடக்கும் ஆள் தேர்வுக்கு வரச்சொல்லி அழைப்பும் வந்தது. நவமணி புந்தோங்கில் அவர்கள் வீட்டுக்கு அருகிலிருந்த மாரியம்மன் கோயிலுக்கு ஓடி ஒரு விளக்கை ஏற்றிவிட்டு வந்தாள்.

"நீங்க விட்ட இடத்துலேர்ந்து நான் தொடர்றேன்ப்பா," என்றான் ஷர்வின். "முழு சர்வீஸ் முடிச்சிட்டுத்தான் வருவேன்."

அப்போதுதான் சன்னாசியின் கண் அவன் கையில் விழுந்தது.  பட்டாளத்துக்கு வருகிறவன் உடம்பில் பச்சை இருக்கக் கூடாது. சட்டையைக் கழற்றி நிற்கவைத்துப் பார்ப்பார்கள். அவரையும் அப்படித்தான் பார்த்தார்கள்.

கிளினிக்கில் விசாரித்தார்கள். ஒளிக்கதிரால் அழிக்கலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். தேர்வோ அடுத்த வாரக் கடைசியில்.

"நான் கூட வர்றேன்," என்றார் சன்னாசி. "இது பட்டாளத்து நம்பர், என் நம்பர்னு எடுத்துச் சொல்றேன். கேப்பாங்க."

ஷர்வின் அப்பாவைப் பார்த்தான். அவன் பார்வையில் ஏளனம் இல்லை, பாசம்தான் இருந்தது. அதனாலேயே அவன் சொன்னது அவருக்கு அதிகம் வலித்தது.

"உங்க பேச்ச யாருப்பா கேட்டிருக்காங்க?"

அன்று சாயங்காலம் இருவரும் ஜைனுலாப்தீன் பாயின் கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஐயாவு வந்து சேர்ந்தார். ஐயாவு சன்னாசியோடு ஒரே தோட்டத்தில் பிறந்தவர். ராணுவ முகாமின் சமையற்கட்டில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் உட்கார்ந்தால் கடையில் சிரிப்புக்குக் குறைவிருக்காது. விஷயத்தைக் கேட்டதும் தொடையைத் தட்டினார்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கீங்க? இங்க பாருடா மருமவனே." இடது கையை நீட்டினார். மணிக்கட்டுக்கு மேலே வழுவழுவென்று ஒரு தழும்பு. "இந்த இடத்துல ஒரு வேல் குத்தியிருந்தேன். தேர்வுக்கு முன்னால ரப்பர்ப் பால் கொட்டகையில இருந்த ஆசிட்டத் தொட்டு வெச்சேன். தோல் உரிஞ்சிச்சு, வேலும் போச்சு. என்னடா இதுன்னு கேட்டான் சார்ஜன். அடுப்பு சுட்டிருச்சு, துவான்னு மரியாதையா சொன்னேன். அப்படின்னா நீ சமையலுக்குத்தான் லாயக்குன்னு சமையற்கட்டுக்கு அனுப்பிட்டான்!"

கடையே சிரித்தது. "இந்தாளு வாயில ஆசிட்ட ஊத்தினாலும் பேச்சு நிக்காது," என்றார் ஜைனுலாப்தீன். சன்னாசியும் சிரித்தார். ஷர்வின் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் ஆசிட் பெரிய தோட்டங்களோடு போய்விடவில்லை. பீடோர் பக்கம் சிறு நிலங்களில் இன்னும் மரம் சீவுகிறவர்கள் இருக்கிறார்கள். நவமணியின் உறவுக்காரர் ஒருவர் வீட்டின் பின்னால் அது நீலக் கேனில் இருந்தது. பாலில் ஊற்றும்போது அதில் நிறையத் தண்ணீர் கலப்பார்கள். ஐயாவு சொன்ன கதையில் தண்ணீர் இல்லை.

அதற்குப் பிறகு ஷர்வின் வீட்டிலும் முழுக்கைச் சட்டையே போட்டான். பச்சையை மறைத்துப் பழகுகிறான் என்று சன்னாசி நினைத்துக்கொண்டார். சாப்பாடு குறைந்ததை நவமணி கவனித்துக் கேட்டாள்.

"ஓட்டத்துக்கு உடம்பக் குறைக்கிறேன்மா," என்றான்.

இரண்டு நாள் நெற்றி சுட்டது. அதற்கும் ஏதோ சொன்னான். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, ஒருவர் மேல் ஒருவர் உயிரையே வைத்துக்கொண்டு, அந்த மூன்று பேரும் அப்படி நாட்களைக் கடத்தினார்கள்.

தேர்வன்று சன்னாசி வேலைக்கு லீவு போட்டார். பழைய பட்டாளத் தொப்பியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மகனோடு திடலுக்குப் போனார். பெற்றோரெல்லாம் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். ஷர்வின் ஓடுவது தெரிந்தது. முன்வரிசையில் ஓடினான். வலது கையை மட்டும் நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓடினான். "அது உங்க பையனா? நல்ல ஓட்டம் லா," என்று பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னபோது, சன்னாசி எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

ஓடி முடித்தவர்கள் மருத்துவக் கூடாரத்துக்குள் போனார்கள். சற்று நேரத்தில் ஒரு சார்ஜன் வெளியே வந்து, ஷர்வினுடைய அப்பா யார் என்று கேட்டார். சட்டையில் அஸ்வான் என்று பெயர் இருந்தது. சன்னாசி மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த மலாய் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார். ஐயா, இது பட்டாளத்து எண். ஐயா, இவன் தப்பான பையன் இல்லை.

உள்ளே ஷர்வின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டையும் கட்டுத்துணியும் தரையில் கிடந்தன. வாடை முதலில் வந்தது. முன்கையில் தோலே இல்லை. கறுப்பும் மஞ்சளுமாய்ச் சீழ் கட்டி, மணிக்கட்டுவரை வெந்திருந்தது. விரல்கள் வீங்கிப் பாதி மடங்கி நின்றன. முழங்கைப் பக்கம் எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் மட்டும் தப்பியிருந்தன.

சன்னாசி நாற்காலிக்கு முன்னால் குனிந்து அந்தக் கையைப் பார்த்தார்.

"உங்க நம்பர அழிச்சிட்டேன்ப்பா," என்றான் ஷர்வின். பிறகுதான் அழுதான்.

அஸ்வான் பெரியவரை அழைக்கும் மரியாதையோடு மலாயில் கேட்டார்: "பாக்சிக், இது யாரோட எண்?"

சன்னாசி நிமிர்ந்து நின்றார். முழு எண்ணையும் சொன்னார். பதவியையும் பெயரையும் சொன்னார்.  கூடாரத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா துவான்?" என்றார் பிறகு. "இவன் இப்படிச் செய்யாம பச்சையோடவே வந்திருந்தா, நான் எடுத்துச் சொல்லியிருந்தா, சேர்த்திருப்பீங்களா?"

அஸ்வான் அவர் முகத்தைப் பார்த்தார். பொய் சொல்ல மனம் வராத மனிதர் போலிருக்கிறது.

"இல்ல பாக்சிக். அப்பவும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். விதி அப்படி. ஆனா, கையோட அனுப்பியிருப்பேன்."

அதற்குப் பிறகு அஸ்வான் செய்ததை எந்த விதியும் அவரைச் செய்யச் சொல்லவில்லை. மருத்துவர் நீட்டிய நீரையும் துணியையும் தானே வாங்கிக்கொண்டு, புல்லில் மண்டியிட்டு அந்தக் கையைக் கழுவினார். அந்த வாடைக்கு முகத்தைத் திருப்பவில்லை. சுத்தமான கட்டைச் சுற்றி, தன் சொந்தக் காரிலேயே இருவரையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். அதே ஆஸ்பத்திரி, அதே கவுண்டர்.

"இவர் கோப்ரல் சன்னாசி. எங்க ஆள்," என்றார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அட்டை கேட்கவில்லை. "உக்காருங்க ஐயா," என்றாள். சன்னாசி உட்கார்ந்தார். இந்த ஒரு சொல்லை மூன்று வருடத்துக்கு முன்னால் சொல்லியிருந்தால் என்ன என்று அவர் நினைத்திருக்கலாம். அவர் நினைக்கவில்லை. மகனை உள்ளே தள்ளிக்கொண்டு போன கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். இரண்டு விரல்கள் இனி முழுதாக மடங்காது என்றார் டாக்டர். பழகினால் பேனா பிடிக்கலாம், மோட்டார்சைக்கிள்கூட ஓட்டலாம். துப்பாக்கி பிடிக்க முடியாது. நவமணி அதைக் கேட்டுவிட்டு வார்டுக்கு வெளியே போய்ச் சுவரோடு நின்றாள்.

ஐயாவு அன்று மாலைதான் வந்தார். கையில் ஒரு தூக்குச் சட்டி.  "வாங்கண்ணே," என்றாள் நவமணி. சன்னாசி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஐயாவு மேல் கோபப்படக் கூடாது என்று நினைத்தார். தனக்குப் பலித்ததைத்தானே சொன்னான் என்று தன்னையே அடக்கி வைத்திருந்தார்.

"கோழிக் கஞ்சி மச்சான்," என்றார் ஐயாவு அவர் முதுகைப் பார்த்து. "பட்டாளத்துல காய்ச்சல்காரனுக்கு வைப்பேன்ல, அது."

ஷர்வினின் வலது கை கட்டோடு மேலே தொங்கியது. இடது கையில் ஊசி. அதனால் ஐயாவு கட்டிலில் உட்கார்ந்து ஊட்டத் தொடங்கினார். சட்டைக் கை ஏறி, அந்த வழுவழுப்பான தழும்பு வெளியே தெரிந்தது. நாலு வாய் வாங்கியிருப்பான். ஷர்வின் அதைப் பார்த்தான்.

"மாமா, உங்களுக்கும் இப்படித்தான் வலிச்சிச்சா?"

கரண்டி பாதியில் நின்றது. தலையை ஆட்டியிருந்தால் போதும். விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை. 

"ஆசிட் இல்லடா," என்றார் ஐயாவு. "எண்ணெ. சமையற்கட்டுல தெறிச்ச எண்ணெ. வேலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கடையில சிரிக்கிறாங்களேன்னு... நான் கதை விட்டேன்டா."

சன்னாசி திரும்பினார். அவர் கைகள் இரண்டும் இறுகிவிட்டன. கட்டிலை நோக்கி ஓரடி வைத்தார். பல வருடச் சிநேகிதம் என்ன, ஒரே தோட்டத்துத் தண்ணீர் என்ன, அந்த நிமிடம் அவருக்கு எதுவும் நினைவில் இல்லை. ஐயாவு விலகவில்லை. அடி விழட்டும் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். கரண்டியிலிருந்து கஞ்சி போர்வையில் சொட்டியது.

ஷர்வின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணின் ஓரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்க அவனுக்குக் கை இல்லை. 

பிறகு ஐயாவு பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைத் திறந்தான்.

ஐயாவு அடுத்த கரண்டியை ஊட்டினார். பாதிக் கஞ்சிதான் உள்ளே போனது. சன்னாசி இறுகிய விரல்களைப் பிரித்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து, மகனின் மோவாயைத் துடைத்துவிட்டார்.