மௌனமாக வாசிக்கவும்

"கீழ நின்னு படிச்சா என்ன குறைஞ்சு போயிடும், சிஸ்டர் மோசெல்?" என்று கேட்டுவிட்டு, பாஸ்டர் ட்ரம்மண்ட் இன்னொரு துண்டு கேக்கை எடுத்தார்.

மோசெலின் வீட்டு மேசை முழுக்க அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்த பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் பிளாஸ்திரி ஒட்டி அவரவர் பெயர். துக்க வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவது அலபாமாவின் அந்தச் சிற்றூரில் வழக்கம். துக்கம் விசாரிக்க வந்து அதைத் தின்று தீர்ப்பது பாஸ்டரின் வழக்கம்.

செத்துப்போனது மோசெலின் அக்கா, டாக்டர் ஏர்னஸ்டின் பூலர். கறுப்பு மக்களின் பள்ளிக்கூடங்களைப் பற்றி அவள் எழுதிய புத்தகங்களைக் கடல் தாண்டியும் பாடமாக வைத்திருந்தார்கள். அவள் ஞானஸ்நானம் பெற்ற மவுண்ட் ஹெப்ரான் சபையிலோ, பெண் என்பவள் பிரசங்க பீடத்தில் ஏறக்கூடாது. ஏறக்கூடாது என்றால், ஏறிப் பேசக்கூடாது. சனிக்கிழமைகளில் பீடத்தைப் பெருக்கித் துடைக்கத் தாராளமாக ஏறலாம். கல்வி ஞாயிறு வந்தால் ஏர்னஸ்டினைக் கூப்பிட்டு, கீழே காணிக்கை மேசைக்குப் பக்கத்தில் பாடகர் குழுவின் தாள் தாங்கி ஒன்றை வைத்துப் பேசச் சொல்வார்கள். அவளும் பேசுவாள். கேட்டவர்கள் தலை குனிந்து கேட்பார்கள். முடிந்ததும் பீடத்தில் இருப்பவர் எழுந்து, அவள் சொன்னதையே பாதி தப்பாகத் திருப்பிச் சொல்லி, ஆமென் வாங்கிக்கொள்வார்.

"பெருசா ஒண்ணும் கேக்கல. என் அக்காவோட வாழ்க்கைக் குறிப்ப நான் எழுதியிருக்கேன். அடக்கத்தன்னைக்குப் பீடத்துல நின்னு நானே சத்தமா படிக்கணும். அவ ஏறாத இடத்துல அவ கதையாவது ஏறட்டும்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கே, சிஸ்டர்."

"பல்கலைக்கழகத் தலைவரு விட்கோம்ப் எங்க உக்காரப் போறாரு?"

"அவரு பீடத்துலதான். விருந்தாளியாச்சே! அவங்க வாசிப்பு அறைக்கு உங்க அக்கா பேர வைக்கப் போறாங்க. எவ்வளவு பெரிய கௌரவம்!"

"அவ அங்க வேலை செஞ்ச காலத்துல கொதிகலனுக்குப் பக்கத்துல ஒரு அறை குடுத்தாங்க. குளிர்காலத்துல கதகதப்பா இருக்கும்னு சொன்னவரே இந்த விட்கோம்ப்தான். பேர அந்தக் கொதிகலனுக்கு வைக்கச் சொல்லுங்க, பாஸ்டர்."

பாஸ்டருக்குப் பக்கத்தில் சபை நிர்வாகி டீக்கன் ரூபஸ் ஹேர்ஸ்டன் உட்கார்ந்திருந்தார். மோசெலோடு ஒரே தெருவில் வளர்ந்தவர். இப்போது சபைச் சட்டம் என்றால் அவர்தான்.

"மோசெல், இது நாங்க போட்ட சட்டமா? பைபிள்ல அப்போஸ்தலர் பவுலே எழுதி வச்சிருக்காரு, சபையில பொம்பளைங்க பேசாம இருக்கணும்னு."

"அந்தப் பவுல எழுத்துக்கூட்டிப் படிக்க உனக்குச் சொல்லிக் குடுத்தது எந்த ஆம்பள, ரூபஸ்?"

ரூபஸ் தேநீரைக் கலக்கத் தொடங்கினார். அதில் சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டிருந்தது.

பாஸ்டர் விரல்களைத் துடைத்துக்கொண்டார். "சண்டை வேண்டாம். மத்த சாவுக்கெல்லாம் போடுற மாதிரியே ஆராதனைத் தாள்ல அச்சடிச்சு எல்லார் கையிலயும் குடுத்துடலாம். 'வாழ்க்கைக் குறிப்பு: மௌனமாக வாசிக்கவும்.' ஆர்கன் இசை மெதுவா ஓடும், அவங்கவங்க மனசுக்குள்ள படிச்சுக்குவாங்க. மேலயும் இல்ல, கீழயும் இல்ல. என்ன சொல்றீங்க?"

சாலமோன் ராஜாவே வந்து தீர்ப்புச் சொன்னதுபோல அவர் முகம் மலர்ந்தது. மோசெல் எழுதிய தாளை வாங்கி, விரித்துப் பாராமலே மடித்து, அச்சுக்குக் கொடுக்கச் சட்டைப்பைக்குள் செருகினார். பிறந்தாள், படித்தாள், செத்தாள். இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை என்னத்தை எழுதிவிடப் போகிறாள்?

மோசெல் தபால் நிலையத்தில் காலமெல்லாம் கடிதங்களை முகவரிவாரியாகப் பிரித்துக் கொடுத்தவள். போய்ச் சேராத கடிதத்தின் கதி அவளுக்குத் தெரியும். தன் தாளும் யாரும் படிக்காமல் அப்படித்தான் ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு, பாஸ்டருக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

அடக்க ஆராதனையன்று ஆலயத்தில் மூச்சுவிட இடமில்லை. சவ அடக்க நிலையத்தின் விளம்பரம் போட்ட அட்டை விசிறிகள் வரிசை வரிசையாக ஆடின. சவப்பெட்டி கீழே, மேலே சிவப்பு வெல்வெட் நாற்காலியில் வெள்ளைக்காரர் விட்கோம்ப். பேச அழைத்ததும் அவர் எழுந்து, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்ற விதியை மிதித்துக்கொண்டு பேசினார். "எங்கள் ஏர்னஸ்டின்" என்றார். திரும்பத் திரும்ப "எங்கள் ஏர்னஸ்டின்." டாக்டர் என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை.

நேர் பின்வரிசையிலிருந்து சபைத் தோழி சிஸ்டர் வில்லி ரூத் மோசெலின் காதருகே குனிந்தாள். "எங்கள் ஏர்னஸ்டினாம்! எந்த அடிமைச் சந்தையில வாங்கினாராம்?"

அந்த வாரத்தில் முதல்முறையாக மோசெல் சிரித்தாள், விசிறிக்குப் பின்னால்.

பிறகு டீக்கன் ரூபஸ் பீடத்தின் ஒலிபெருக்கி முன் வந்து நின்றார். "அடுத்து, வாழ்க்கைக் குறிப்பு. மௌனமாக வாசிக்கவும்." ஆர்கன் மெல்ல எழுந்தது. அவரும் அங்கேயே நின்று தன் தாளை விரித்தார்.

முதலில் அது ஏதோ ஜெபம் என்றுதான் மோசெல் நினைத்தாள். இடப்பக்கத்து முன்வரிசைகளில், வெள்ளைத் தொப்பி வைத்த கிழவிகளிடமிருந்து முணுமுணுப்பு வந்தது. திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொருத்தியின் விரலும் வரிக்குக் கீழே நகர்ந்தது, விரலோடு உதடும். "ஏர்னஸ்டின் பூலர்... பருத்திக் காட்டில்... பிறந்தார்..."

அவர்கள் எல்லாரும் ஏர்னஸ்டினிடம் படித்தவர்கள். கறுப்பர்கள் ஓட்டுரிமை கேட்டுப் போனால், வெள்ளைக்கார அதிகாரி சட்டப் புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொல்லி, முடியாதவர்களுக்கு ஓட்டில்லை என்ற காலம் அது. அழகு நிலையம் ஒன்றின் பின்னறையில், தலைமுடி உலர்த்தும் இயந்திரங்களை வேண்டுமென்றே ஓடவிட்டு, அந்த இரைச்சலின் மறைவில் அவள் பாடம் நடத்தினாள். "மனசுக்குள்ள படிச்சா, நீ படிக்கவே இல்லன்னு சொல்லிடுவான். அவன் காதுல போய் விழணும். சத்தமா!" ஓட்டு வந்தது, அந்த அதிகாரியும் மண்ணுக்குப் போனான், பழக்கம் மட்டும் போகவில்லை. மருந்துப் புட்டியைக்கூட அவர்கள் வாய்விட்டுத்தான் படிப்பார்கள். மற்றவர் சாவுகளில் தாளில் உள்ள படத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைப்பார்கள். இது டீச்சரின் சாவு. படிக்காமல் எப்படி?

முணுமுணுப்பு வரிசை தாண்டிப் பரவியது. பாஸ்டர் ஆர்கன்காரரிடம் கையை உயர்த்திக் காட்டினார். ஆர்கன் உரத்தது. இரைச்சலுக்கு மேலே படித்துப் பழகியவர்கள் அதற்கும் மேலே குரலை ஏற்றினார்கள். விட்கோம்ப், இது இவர்களின் சடங்கு போலும் என்று மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஒலிபெருக்கியிலிருந்தும் ஒரு குரல் வருவதை மோசெல் கேட்டாள். ரூபஸ். அவரும் அந்தப் பின்னறையில் படித்தவர்தான். விரல் வரியில், கண் விரலில். தான் எங்கே நிற்கிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"உலகம் அவரை மேடையில் உட்காரவைத்துக் கேட்டது. இந்தச் சபை, அவர் உயிரோடிருந்த ஒரு நாளும், தன் பீடத்தில் அவரை ஏறவிடவில்லை. ஏறவிடாமல் காவல் காத்த டீக்கன்களில்..."

விரல் நின்றது. ஆலயம் முழுக்க மற்ற விரல்களும் நின்றன. ஆர்கன்காரர் கையை எடுத்துவிட்டார். பாஸ்டர் தன் தாளை அவசரமாகப் புரட்டினார். அந்தக் குறிப்பை அவர் முதன்முதலாகப் படித்தது அப்போதுதான். படித்துவிட்டு ஒலிபெருக்கியை நோக்கி எழுந்தார்.

மோசெல் முன்வரிசையில் எழுந்து நின்றாள். "பாதியில நிறுத்தாத, ரூபஸ். முற்றுப்புள்ளி வரைக்கும் படி."

ரூபஸ் பாஸ்டரைப் பார்த்தார். கீழே, மூடிக் கிடந்த பெட்டியைப் பார்த்தார். விட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"...டீக்கன்களில் பாதிப் பேருக்கு எழுத்தறிவித்தவர் அவரே."

"ஆமென்" என்றாள் வில்லி ரூத், வேறு யாரும் முந்திக்கொள்ளும் முன்.

அடுத்த வாரமே டீக்கன் குழு கூடியது. பெண்கள் பீடத்தில் ஏறலாமா என்று பேச அல்ல. இனி எந்த வாழ்க்கைக் குறிப்பையும் அச்சுக்கு அனுப்புமுன் பாஸ்டர் ஒரு வரி விடாமல் படித்துப் பார்க்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். செய்த அநியாயத்தில் அவர்கள் கண்ட ஒரே பிழை, குறிப்பை முன்கூட்டியே படிக்காமல் விட்டதுதான்.

செய்தியை வில்லி ரூத் வந்து சொன்னபோது, மோசெல் காலிப் பாத்திரங்களைக் கழுவி, பெயர் பார்த்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லையே," என்றாள். "எங்கக்கா செத்த பிறகும் ஒரு பாஸ்டரப் படிக்க வச்சிட்டாளே."