குழாய்க்குள் ரொட்டி

தோட்டத்துக் குழாயை மாற்ற மருமகன் தானே களத்தில் இறங்கினான். மெயின் வால்வை மூடியும் செம்பு பைப்பில் தண்ணீர் கசிந்தது. ஈரம் இருந்தால் பற்றவைப்பு பிடிக்காது. ரொட்டியைப் பிசைந்து பைப்புக்குள் அடைத்தான்.

"திங்கிற பொருளை ஏன் மாப்ள அதுல திணிக்கிறீங்க?" என்று மாமனார் பதறினார்.

"தண்ணிய நிறுத்தத்தான் மாமா. அப்புறம் தானா கரைஞ்சு வந்துரும்."

பற்றவைப்பு கச்சிதமாக அமைந்தது. பெருமை பிடிபடாமல் எல்லோரையும் கூப்பிட்டுக் குழாயைத் திறந்தான். சொன்னபடியே ரொட்டி கரைந்து கூழாகக் கொட்டியது. பிறகு தண்ணீர் தெளிவாக வந்தது. இணைப்பில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை.

"தண்ணியோட டிபனும் வருதே!" என்றார் மாமனார்.

சாயங்காலமே மனைவியின் தங்கை போனில் கூப்பிட்டாள்.

"அத்தான், ஜாம் எந்தக் குழாயில வருது?"