வானமேறியின் முன்னூறாவது பயணம்

ஒரு மனிதன் எத்தனை தடவைதான் சாவான்? கேப்டன் காத்தமுத்து நான்காவது தடவையாகச் செத்து, நான்காவது தடவையாக உயிரோடு எழுந்து வந்தபோது ரேணுகா புத்தகத்தைத் தூக்கிச் சுவரில் அடித்தாள். அப்புறம் மனசு கேட்காமல் பொறுக்கியெடுத்து, மடிந்த அட்டையை நீவிவிட்டாள். முப்பது வருஷப் பழக்கம் லேசில் விட்டுப் போகுமா?

காத்தமுத்துவின் ‘வானமேறி’ ஒரு விண்கப்பல். அருவங்காட்டு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்த ஞானசேகரன், ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதிய மாத நாவலுக்கும் அதுதான் பெயர். முதல் புத்தகத்தில் அந்தக் கப்பல் பைக்காரா ஏரியில் வந்து இறங்கியதும் மலையே கிறுகிறுத்துப் போனது. அடுத்த மாதப் புத்தகத்துக்காகப் பேருந்து நிலையத்துக் கடையில் அடிதடி நடந்தது. டிவி தொடராக வந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் குன்னூர் மார்க்கெட்டில் கடைக்காரர்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஞானசேகரன் காலமானார். பிடித்தது கிரகம். சம்பளத்துக்கு எழுத வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்களை மேதாவி என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் காத்தமுத்துவை ஒன்பது நகல் எடுத்தார். இன்னொருவர் கால இயந்திரத்தைக் கொண்டுவந்து, அதுவரை நடந்த எதுவுமே நடக்கவில்லை என்றார். மூன்றாமவர் வில்லனைக் காத்தமுத்துவின் கூடப்பிறந்த அண்ணனாக்கினார். அட போங்கப்பா! மாத நாவல் இரண்டு மாதத்துக்கு ஒன்றாகி, அப்புறம் எப்போதாவது ஒன்றாகிவிட்டது. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதாவது புத்தகத்தின் பின்னட்டையில், அடுத்த புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம் என்று ஞானசேகரனின் மகள் உமாராணி அறிவித்திருந்தாள்.

ரேணுகா எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள். படிப்பு பத்தாம் வகுப்பு. அறிவிப்பை நாலு தடவை படித்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்துக் குன்னூருக்குப் போய், புத்தகம் போடும் அச்சகத்தில் உமாராணி முன்னால் நின்றாள்.

“நீங்க பாட்டுக்கு நிறுத்தறேன்னுட்டீங்க. நாங்க என்ன பண்றது?”

“யாருங்க இப்பப் படிக்கறாங்க?” என்றாள் உமாராணி. “எது எந்தக் காத்தமுத்துன்னு எனக்கே தெரியறதில்லீங்க.”

“அது கவ்வாத்து வெட்டாத செடிங்க. நாலஞ்சு வருசத்துக்கு ஒருக்கா வெட்டலேன்னா தேயிலை ஆளுயரம் வளந்து நிக்கும், கொழுந்துதான் இருக்காது. அதுக்காகச் செடியப் புடுங்கி எறியறோமா? முட்டி உயரத்துக்கு வெட்டுங்க, தன்னால துளிர்க்கும்.”

உமாராணி சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் அவள் முகத்தில் அலுப்புதான் மிஞ்சியது. “எழுதறதுக்கு எனக்கு ஆள் கிடைக்கலீங்க. முன்னூறாவது புத்தகத்தை நீங்களே எழுதுங்களேன். லைப்ரரி ஹால்ல வாசகர் கூட்டம் வெச்சிருக்கறேன், ஒரு மாசம் இருக்குது. கடைசி அத்தியாயத்தை நானே படிக்கறேன். கை தட்டிட்டு எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாங்கன்னா அதோட சரி. மேல என்னன்னு கேட்டாங்கன்னா அப்புறம் நடத்தலாங்க.”

பேச்சு வாக்கில் சொன்னாளோ, வீம்புக்குச் சொன்னாளோ, ரேணுகா விடவில்லை. சரி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். பாதி வழியில்தான் எதற்கு ஒத்துக்கொண்டோம் என்பதே உறைத்தது.

இரண்டு வாரம் சாயங்காலங்களில் உட்கார்ந்து எழுதினாள். ஆத்திரம் தீர வெட்டினாள். ஒன்பது காத்தமுத்து, கால இயந்திரம், அந்த அண்ணன்காரன், கப்பலில் இருந்த அத்தனை பேரும் ஒரே வெடியில் காலி. பெருமையோடு புருஷன் பாண்டியனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் கதைப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. அதே எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டுகிறவன்.

கேட்டு முடித்துக் காதைச் சொறிந்தான். “ஏம்மா, நாங்க கவ்வாத்து வெட்டுறப்ப ஒரு கெளய மட்டும் எலையோட விடுவமே, எதுக்கு? செடி மூச்சு விட. நீ மொட்டையடிச்சு வச்சிருக்க. இதுல எங்க துளிர் வரும்?”

“கதையப் பத்தி உனக்கென்ன தெரியும்?” என்று சீறினாள். அன்றைக்கு அவனோடு பேச்சே இல்லை. ஆனால் மறுநாள் செடி நிரையில் நின்று கொழுந்து கிள்ளும்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபது வருஷம் தேயிலைக்குள்ளேயே கிடந்தவள் செய்கிற காரியமா இது? எந்தக் கிளையை விடுவது? மனசுக்குள் ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டிக்கொண்டு போனாள். மத்தியானம் கூடையை இறக்கும்போது பிடிபட்டுவிட்டது. சின்னம்மை!

சின்னம்மை கப்பலின் எந்திர அறைக்காரி. எல்லாப் புத்தகத்திலும் இரண்டு வரி வருவாள். எந்திரத்துக்கு எண்ணெய் விடுவாள், கேப்டனைத் திட்டுவாள், போய்விடுவாள். அவளை யாரும் கொல்லவில்லை, நகல் எடுக்கவில்லை. ஏனென்றால் எந்த மேதாவியும் அவளைக் கவனிக்கவே இல்லை. ரேணுகா முதல் வரியிலிருந்து மறுபடி எழுதினாள்.

கூட்டத்துக்கு அறுபது பேர் வந்திருந்தார்கள். டீயும் மொறுமொறு வர்க்கியும் கொடுத்தார்கள், எல்லாம் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி சாப்பிட்டார்கள். ஸ்ரீநிவாசன் என்ற பெரியவர் சோலூரிலிருந்து பழைய புத்தகங்களை ஒரு சாக்கில் கட்டி, லைப்ரரிக்கே கொடுத்துவிடுவதாகத் தூக்கி வந்திருந்தார். எழுதியது யார் என்று உமாராணி சொன்னதும், “கொழுந்து எடுக்கறவங்க எழுதுனதுங்களா?” என்று உரக்கவே கேட்டார். ரேணுகாவுக்குக் காது சுட்டது. பக்கத்தில் இருந்த பாண்டியனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று காலையில்தான் கைக்கு வந்த தாள்களை உமாராணி படித்தாள். கப்பல் உடைந்து கிடக்கிறது. காத்தமுத்து ஐந்தாவது முறையாக, இந்த முறை நிஜமாகவே, போய்ச் சேர்ந்துவிட்டான். ஹாலில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். விளக்கெல்லாம் அணைந்த கப்பலில் சின்னம்மை மட்டும் எந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு, செத்தவனை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கிறாள். சுற்றிலும் கோடி மைலுக்கு ஒரு உயிர் கிடையாது. அப்போது கப்பலின் கதவை வெளியிலிருந்து யாரோ மூன்று முறை தட்டுகிறார்கள்.

உமாராணி தாளைத் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முன்பக்கத்தை மறுபடி பார்த்தாள். ஒருவரும் கை தட்டவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள்.

“தட்டுனது யாருங்க?”

சோலூர்க்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். “அட, சொல்லுங்க! யாரு தட்டுனது?”

அவ்வளவுதான், ஹாலே கிளம்பிவிட்டது. காத்தமுத்துதான் என்றது ஒரு வரிசை. அவன் பேச்சை எடுத்தால் பார் என்றது இன்னொரு வரிசை. சின்னம்மை கதவைத் திறக்கக் கூடாது என்று ஒரு பெண் நாற்காலிமேல் ஏறி நின்று கத்தினாள். பெரியவர் சாக்கை இழுத்துத் தன் காலடியில் வைத்துக்கொண்டார். ரேணுகாவுக்குச் சந்தோஷத்தில் அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பாண்டியன் அறுபது பேர் முன்னால் விசிலடித்தான்.

உமாராணி மேடையிலிருந்து இறங்கி நேராக அவளிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. “எனக்கு மட்டும் காதோட சொல்லுங்க. யாரு அது?”

“மொதல்ல அடுத்த புத்தகம் வரும்னு மேடையில சொல்லுங்க,” என்றாள் ரேணுகா.

உமாராணி திரும்ப மேடைக்கு ஓடினாள். யார் தட்டியது என்று ரேணுகாவுக்கும் சத்தியமாகத் தெரியாது.