சக்கரம் கழுவும் இடம்

லாரி உள்ளேயிருந்து வந்து சிமெண்ட் பள்ளத்தில் இறங்கி நின்றது. அதில் ஏற்றியிருந்த மண்ணின் மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார்கள். வாட்ச்மேன் தண்ணீர்க் குழாயைப் பிடித்து ஒவ்வொரு டயராக அடித்தான். வரிப்பள்ளங்களில் அப்பியிருந்த மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்தான். அதன் பிறகுதான் கேட் திறந்தது.

துவைக்கிற துணி எடுக்க வெளியே தள்ளுவண்டியோடு காத்திருந்த துணிக்காரிக்குச் சிரிப்பு வந்தது.

"எங்க மாமியார்கூட என்னை இப்படிக் கால் கழுவச் சொன்னதில்ல. லாரிக்கு வந்த மவுசப் பாரேன்!"

"உள்ள இருக்கிற மண்ணு ஒரு சிட்டிகை ரோட்டுக்குப் போகக் கூடாதாம்க்கா. பெட்ரோல்ல கலக்கற ஈயத்தை அந்தக் காலத்துல இங்கதான் வச்சிருந்தாங்களாம். ஒழுகி ஒழுகி பூமியே கெட்டுப் போச்சு. இதை வெட்டி எடுத்துட்டு வீடு கட்டப் போறாங்க," என்றான் வாட்ச்மேன். சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையைக் காலால் அவள் பக்கம் தள்ளினான். மண் வெட்டுகிறவர்கள் அன்று கழற்றிப் போட்ட, கழுத்திலிருந்து கால் வரை மூடும் உடுப்புகள்.

உள்ளே துவைக்கும் இயந்திரம் வரும் என்று பேச்சு இருந்தது, வரவில்லை. அந்த வேலைக்குத் துணிக்காரியும் எதிர்வீட்டுக்காரியும் போட்டி போட்டார்கள். இவளுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து எதிர்வீட்டுக்காரி இவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போகட்டும் என்று விட்டுவிட்டாள் துணிக்காரி. வீட்டு வாசலை விட்டு நகராமல் செய்கிற வேலை சும்மா கிடைக்குமா?

துவைப்பதில் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. தெருக்குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். அதனால் நனைப்பதற்கு முன்னால் ஒவ்வொரு உடுப்பையும் சுவரில் ஓங்கி அடித்து உதறுவாள். மண் உதிர்ந்தாலே பாதி அழுக்குப் போன மாதிரி; ஒரு வாளித் தண்ணீர் மிச்சம். புழுதி எழும்பி வாசலெல்லாம் படியும். துவைக்காத துணிக் குவியல் மெத்தென்று இருக்கும். மகளை அதன் மேல்தான் உட்கார வைப்பாள். அவள் அங்கேயே விளையாடி, அங்கேயே தூங்கிப் போவாள்.

மகளுக்குத் தெரு வைத்த பெயர் வாயாடி. நடக்கும் முன்பே பேசியவள். காய் விற்கிறவனிடமே பேரம் பேசுவாள். சில மாதங்களாக அவள் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. சோறு இறங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பரவால்ல, காதுக்கு ஓய்வு," என்று சந்தையில் மூட்டை தூக்கும் அப்பன் கிண்டல் செய்தான். ஒரு நாள் அவள் குடத்தை விரலால் காட்டித் தண்ணீர் கேட்டாள். தண்ணி என்ற சொல் அவளுக்கு வரவில்லை. அன்று வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். மறுபடி போனபோது டாக்டரம்மா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"குழந்தை ரத்தத்துல ஈயம் இருக்கும்மா. ரொம்ப அதிகம். வீட்ல பேட்டரி உடைக்கிறது, பெயிண்ட் சுரண்டறது, அந்த மாதிரி வேலை ஏதாவது உண்டா?"

"இல்லீங்க."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"துணி துவைக்கிறேன்."

"யார் துணி?"

துணிக்காரியின் கை மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. சூடு பட்டவள் போலச் சட்டென்று அதை இழுத்துக்கொண்டாள்.

"சரியாயிடுமா?" என்று கேட்டபோது அது யார் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

"இனிமே ஏறாம பாத்துக்கலாம். போன பேச்சு எவ்வளவு திரும்பி வரும்னு இப்ப சொல்ல முடியாதும்மா."

மகளைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு கேட்டுக்கு ஓடினாள். சூப்பர்வைசர் குளித்து, வேறு சட்டை மாற்றி, ஈரத் தலையோடு வெளியே வந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள்.

"இங்கேர்ந்து எப்படிம்மா வரும்? எங்க ஆளுங்களுக்கு மாசாமாசம் ரத்தம் பாக்கறோம். ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல."

"அவங்க கழட்டிப் போட்டதெல்லாம் என் வீட்டுக்குத்தானே சார் வந்துச்சு? அந்தத் துணியில ஆபத்து இருக்குன்னு என்கிட்ட யாராவது ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"நீங்க எங்க ஆளு இல்லையேம்மா." அவர் குரலில் கோபம்கூட இல்லை. "துவைக்கத்தானே குடுத்தோம்? உதறச் சொன்னது யாரு?"

அந்தக் கேள்வி அவளைக் கன்னத்தில் அறைந்தது. யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. ஒரு வாளித் தண்ணீருக்காக அவளேதான் உதறினாள். பெற்ற பிள்ளையை அதன் மேல் உட்கார வைத்தவளும் அவளேதான். அவள் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சூப்பர்வைசர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

பின்னால் சக்கரம் கிறீச்சிட்டது. எதிர்வீட்டுக்காரி ஒரு தள்ளுவண்டியோடு வந்திருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. வாட்ச்மேன் அன்றைய மூட்டையைத் தூக்கி அவள் வண்டியில் வைத்தான்.

"நீ ரெண்டு நாளா வரலயேக்கா," என்றான், துணிக்காரியின் முகத்தைப் பார்க்காமல்.

"அதைத் தொடாத!" துணிக்காரி பாய்ந்து மூட்டையைப் பிடித்தாள். "அதுல விஷம் இருக்கு. என் பொண்ணுக்குப் பேச்சே போச்சுடி. சத்தியமா சொல்றேன், வேண்டாம்!"

எதிர்வீட்டுக்காரி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"இத்தனை நாளா நீ சம்பாதிச்சப்ப அது விஷமா தெரியல. எனக்குக் கிடைச்சதும் விஷமாயிடுச்சா? எரியுதுன்னா எரியுதுன்னு சொல்லு. பிள்ளை மேல பழியப் போடாத."

"நான் பொய் சொல்லலடி!"

எதிர்வீட்டுக்காரி கைக்குழந்தையை மூட்டையின் மேல் உட்கார வைத்தாள். அது உடுப்பின் ஒரு கையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொண்டது. வண்டி நகர்ந்தது.

லாரி ஒன்று கேட்டைத் தாண்டி வந்தது. வாட்ச்மேன் விசிலை ஊதிக்கொண்டு அதன் பின்னால் ஓடினான்.

"ஏய், நிறுத்து! பின் டயர்ல இன்னும் மண்ணு இருக்கு. திருப்பு, உள்ள விடு!"

லாரி பின்னோக்கி வந்து மறுபடி பள்ளத்தில் இறங்கியது. அதற்கு வழிவிட்டு ஓரமாக நின்ற தள்ளுவண்டி, பிறகு தெருவில் இறங்கிப் போனது.