பளபளப்பை எடுக்கும் கண்ணாடி

வியாழக்கிழமை துறைமுக அலுவலகத்தில் கூட்டம். சரக்குக் கப்பல்கள் வந்துபோகக் கடலுக்கடியில் வழி தோண்டப் போகிறார்கள். வரைபடத்தில் அந்த வழி ஒரு சிவப்புக் கோடு. அது எங்கள் ஊரான தோரோலாமாவின் வீடுகளுக்கு எதிரே போகிறது. அந்த இடத்தில் அடியில் வெறும் மணல்தான் என்று அறிக்கை சொல்கிறது.

அங்கே இருப்பது பவளம். யாரோ வெடி போட்டு மீன் பிடித்ததில் எல்லாம் நொறுங்கிப் போயிருந்த இடம். ஆறு வருடங்களுக்கு முன் என் அண்ணி ஹர்த்தாத்தியும் ஊர்ப் பெண்களும் இரும்புச் சட்டங்களில் பவளத் துண்டுகளைக் கட்டினார்கள். என் அண்ணன் ஜுமாடிங் முக்குளித்து அவற்றை அடியில் ஊன்றினான். இப்போது பவளம் வளர்ந்து மூடி, இரும்பு தெரியாது.

அடியில் எடுத்த படங்களை அண்ணி முன்பே கொடுத்திருந்தாள். துறைமுகப் பொறியாளர் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு. ஆனா இது எந்தக் கடல்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாராம்.

அண்ணி என்னைப் போனில் அழைத்தாள். நான் டவுனில் கல்யாணப் படம் எடுப்பவள்.

"ஊரும் தெரியணும், அடியும் தெரியணும். ஒரே படத்துல."

"கஷ்டம் அண்ணி."

"மேடை, மாப்பிள்ளை, பொண்ணு, அவங்க சித்தப்பா பெரியப்பா எல்லாரையும் ஒரே படத்துல அடைக்கிற. இது முடியாதா?"

என்னிடம் பதினாறு மில்லிமீட்டர் அகலக்கோண லென்ஸ் இருந்தது. ஊரை அது அடைக்கும். ஆனால் கடலின் மேல் பளபளக்கும் வெளிச்சத்தைத் தாண்டி அது எதையும் பார்க்காது. செவ்வாய்க்கிழமை பாசோவின் கடைக்குப் போனேன்.

பாசோ போன் விற்கிறார். கேமரா சாமான் ஒரே ஒரு அலமாரி.

"கடலுக்கா? இதை எடு தங்கச்சி." கறுப்புக் கண்ணாடி ஒன்றை நீட்டினார். "அலையெல்லாம் பஞ்சு மாதிரி வரும். படம் எடுக்கிறவன் எல்லாம் இதான் வாங்குறான்."

"பஞ்சு வேண்டாம் அண்ணே. தண்ணிக்குள்ள பாக்கணும்."

"அப்ப போலரைசர். தண்ணி மேல பளபளக்கிறதை எடுத்துரும்." இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றின் வளையம் தடிமன். இன்னொன்று மெலிசு. "தடியா இருக்கிறதே வாங்கிக்க. மூடி போடலாம். மெலிசுல மூடி நிக்காது. கைதவறி விழுந்தாலும் போச்சு."

தடித்ததை லென்ஸில் மாட்டிப் பார்த்தேன். நாலு மூலையும் கறுத்தன. கண்ணாடியின் வளையமே படத்துக்குள் விழுந்தது.

"மூலையை வெட்டிட்டாப் போச்சு," என்றார் பாசோ.

"வெட்டக் கூடாது அண்ணே. கேமராவுல இருந்து வந்த மாதிரியே குடுக்கணுமாம். வெட்டினா, ஒட்டுவேலைன்னு சொல்லிடுவாங்க. ஒரு மூலையில பள்ளிவாசல் கோபுரம், இன்னொரு மூலையில கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற முனை. ரெண்டும் இருந்தாத்தான் எங்க ஊர்."

மெலிசானதை மாட்டினேன். மூலைகள் கொஞ்சம் தெளிந்தன. முழுதாக இல்லை.

பாசோ லென்ஸை வாங்கிப் பார்த்தார். "அடியில ஏற்கெனவே ஒண்ணு மாட்டியிருக்கே. அதைக் கழட்டு."

"வராது."

"எத்தனை நாளா?"

"நாலு வருஷம்."

அவர் சிரித்தார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் இப்படித்தான். லென்ஸ் வாங்கிய அன்றே, உப்புக் காற்று படாமல் இருக்க, மேலே ஒரு வெறும் கண்ணாடியை முறுக்கிவிடுவோம். பிறகு தொடுவதில்லை.

"உப்புக்குப் பயந்து மாட்டுறீங்க. அந்த உப்பே பிடிச்சு வெச்சுக்குது."

"நீங்க கழட்டிக் குடுங்களேன்."

"உள்ள இருக்கிறது உடைஞ்சா நீ என்னைக் கடல்ல தள்ளிடுவ. வேண்டாம்மா."

மெலிசானதை வாங்கிக்கொண்டு மாலைப் படகில் ஊருக்குப் போனேன். கூட்டத்துக்கு முன்னால் ஒரே ஒரு காலைதான் இருந்தது. புதன்கிழமை பத்தரைக்குத் தண்ணீர் வற்றும்.

ஜுமாடிங் லென்ஸைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தான். தினமும் காற்றுக் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறவன்.

"குழாய் நட்டு மாதிரிதான். இதுவும் உப்பு, அதுவும் உப்பு."

"அது இரும்பு. இது கண்ணாடி."

"அதுல என் மூச்சு இருக்கு ரம்லா. அதையே உடைக்காமக் கழட்டுறேன்."

வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, வளையத்தின் விளிம்பில் மட்டும் சுற்றினான். உள்ளே ஈரம் போகாமல் இருக்க லென்ஸைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் துணியை எடுத்தான். மறுபடி சுற்றினான். மூன்றாவது முறை, பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு பட்டையை வெட்டி வளையத்தின் மேல் போட்டு, உள்ளங்கை முழுவதையும் வைத்துத் திருப்பினான்.

வரவில்லை.

"விட்டுடு. உடைச்சுத் தொலைக்காத," என்றாள் அண்ணி.

"நீதானே படம் வேணும்னே."

"படம் வேணும். லென்ஸ் இல்லாம படம் எப்படி வரும்?"

நாலாவது முறை துணியைச் சுற்றிவிட்டு அவன் எழுந்து போய்ச் சாப்பிட்டான். மரவள்ளி மாவில் அவித்த கசுவாமி, சுட்ட மீன். கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்து திருப்பினான். மணலை மெல்வது போல ஒரு சத்தம் கேட்டது. வளையம் நகர்ந்தது.

மரையெல்லாம் வெள்ளை உப்பு. பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். காற்று வீசிய பக்கம் அண்ணி சாரோங்கை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெலிசானதை மாட்டிப் பார்த்தேன். நாலு மூலையும் சுத்தமாக இருந்தன.

காலையில் ஊருக்கு எதிரே கடலில் நிற்கும் மூங்கில் வலைமேடையில் ஏறினேன். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால் காலடியில் பவளம், அதற்குப் பின்னால் வீடுகள். வெயில் முதுகில் விழுந்தது. மேடையின் நிழல் பவளத்தின் மேல் கிடந்தது. நிழல் சுருங்கும்வரை காத்திருந்தேன்.

பத்தரைக்குக் கேமரா வழியாகப் பார்த்தபடி போலரைசரைத் திருப்பினேன். கால் சுற்றில் தண்ணீர் திறந்தது. முழுதாகத் திறக்கவில்லை. லென்ஸ் இத்தனை அகலமாக இருந்தால் கண்ணாடி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வேலை செய்யாது. நடுவில் வாழை இலை போல ஒரு துண்டுக் கடல் தெளிந்தது. இரண்டு ஓரங்களும் பளபளத்தன. இன்னும் திருப்பினால் இடது ஓரம் தெளிந்து நடு மூடிக்கொண்டது.

நடுவை வைத்துக்கொண்டேன். சட்டங்கள் இருந்தது அங்கேதான்.

அண்ணி கீழே படகில் இருந்த ஜுமாடிங்கைக் கூப்பிட்டாள். "நீ போய்ச் சட்டத்துக்கு மேல நில்லு. அளவு தெரியட்டும்."

"சட்டையை மாத்திட்டு வரவா?"

"உன்னை யாரு பாக்கப் போறா? படகு போதும்."

அவன் துடுப்பைப் போட்டு அங்கே போனான். படகு காற்றில் நிற்பது போலத் தெரிந்தது. அதன் நிழல் பவளத்தின் மேல் விழுந்தது. பதினொரு படம் எடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அதே இடத்திலிருந்து இன்னொன்று எடுத்தேன்.

துறைமுக அலுவலகத்தின் மாடியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பொறியாளர் விபோவோவை எல்லோரும் பாக், அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் முதல் படத்தை நெடுநேரம் பார்த்தார். கோபுரத்தைத் தேடினார். முனையைத் தேடினார். தலையாட்டினார்.

"அடுத்ததைப் போடுங்க."

கண்ணாடி இல்லாமல் எடுத்தது திரையில் வந்தது. வெறும் வெள்ளி நிறக் கடல்.

"ஒரே இடம். ஒரே நேரம். ஒண்ணுல எல்லாம் இருக்கு, ஒண்ணுல ஒண்ணுமே இல்ல. இதுல நான் எதை நம்புறது?"

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது படத்தை நான் கொண்டுவந்திருக்கக் கூடாது என்று அந்தப் பார்வை சொன்னது.

"ரெண்டையும் நம்பலாம், பாக்," என்றேன். "இந்தக் கண்ணாடி எதையும் சேர்க்காது. மேல இருக்கிற பளபளப்பை மட்டும் எடுக்கும்."

"அப்படின்னு நீங்க சொல்றீங்க."

பையிலிருந்து போலரைசரை எடுத்து அவரிடம் நீட்டினேன். "ஜன்னல் பக்கம் வாங்க."

ஜன்னலுக்குக் கீழே துறைமுகத்தின் குட்டை. வெயிலில் தகடு போல மின்னியது. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கண்ணருகே பிடித்தார். திருப்பினார்.

"ஒண்ணும் ஆகலையே."

"மறுபக்கமாப் பிடிங்க, பாக்."

மாற்றிப் பிடித்துத் திருப்பினார். கை நின்றது.

"டயர்," என்றார்.

ஜன்னலில் இன்னும் குனிந்தார்.

"ரெண்டு டயர். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி." கண்ணாடியை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி வைத்துப் பார்த்தார். "அது நம்ம ஆபீஸ் நாற்காலிதான்."

அறையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை. ஜன்னலிலேயே நின்று இரண்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜைக்கு வந்து அறிக்கையைப் புரட்டினார்.

"இதை எழுதினவங்க படகுல வந்து மேலேருந்து பாத்துட்டுப் போயிருக்காங்க. மத்தியான வெயில்ல. கையெழுத்து மட்டும் என்னோடது."

அறிக்கையை மூடி வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தார்.

"அடுத்து இதே மாதிரி எப்பத் தண்ணி வத்தும்?"

"ரெண்டு வாரம் கழிச்சு. புதன்கிழமை காலையில."

அவர் நாட்காட்டியில் குறித்துக்கொண்டார். அருகில் இருந்தவரிடம் அதுவரை எந்த எந்திரமும் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றார். சிவப்புக் கோடு மாறும் என்று சொல்லவில்லை. பென்சிலை எடுத்து, முனையைச் சுற்றிக்கொண்டு போகும் தூரத்தை மட்டும் வரைபடத்தில் அளந்தார்.

"பெரிய படகா இருக்கா? எனக்கு நீச்சல் தெரியாது."

"இருக்கு, பாக்," என்றாள் அண்ணி. "காலையில சாப்பிடாம வாங்க. மீன் சுட்டு வெக்கிறோம்."