வெயில் மட்டும் போதும்

எங்கள் வானிலை நிலையத்து இயக்குநருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கத்தரிக்கோல். அந்த வாரத்து முன்னறிவிப்பில் நான் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தேன். வெப்பம் நாளுக்கு நாள் ஏறும் என்பது முதல் வரி. அந்த வெப்பத்தாலேயே மாலையில் ஓரிரு இடங்களில் பலத்த காற்றோடு இடிமழை வரக்கூடும், வாய்ப்பு நாற்பது சதவீதம் என்பது இரண்டாவது. முதல் வரியைத் தலையாட்டி ரசித்தார். இரண்டாவதைப் பேனாவால் அடித்தார்.

"ஏன் சார்?"

"நாப்பதுன்னா அறுபது வராதுன்னுதானே அர்த்தம்? வராததை எதுக்கும்மா எழுதணும்? போன வாரம் நீ இடின்னு சொல்லி, பாவம், விளையாட்டுப் போட்டியையே தள்ளி வெச்சாங்க. ஒரு தூத்தல் விழுந்துதா? ஊரே நம்மளக் காறித் துப்புச்சு. வெயில் மட்டும் போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பகலெல்லாம் காய்கிற அந்த வெயில்தான் சாயங்காலம் இடியாக வந்து இறங்குகிறது. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பொங்கும் என்பதைச் சொல்லாமல் போவது மாதிரி. அதையும் சொல்லிப் பார்த்தேன். ஏசி காற்றில் காலை நீட்டிக்கொண்டு, "டென்ஷன் ஆகாதம்மா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இல்லாத டென்ஷனும் வந்துவிடும்.

வெயில் மட்டும் போனது. ரேடியோவில், டிவியில், எல்லார் போனிலும் சிவப்பு எழுத்தில் போனது.

மறுநாள் காலையில் தம்பி போன் செய்தான். அவன் குடோன்களுக்குத் தகரக் கூரை போடுகிறவன். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான், அவ்வளவுதான் வீடு.

"அக்கா, உனக்குச் சிலை வெக்கணும்!"

"எதுக்குடா?"

"உங்க ஆபீஸ் சொன்ன வெயிலப் பாத்துட்டு சூப்பர்வைசர் வேலை நேரத்தையே மாத்திட்டாரு. பகல்ல தகரத்துல கால் வெக்க முடியாதுல்ல? இனிமே சாயங்காலம்தான் மேல ஏறணும். ஜாலி!"

பகல் வெயிலில் இருந்து காப்பாற்றுகிறோம் பேர்வழி என்று, சரியாக இடி இறங்குகிற நேரத்தில் இவர்களைத் தகரத்தின் மேல் நிற்க வைத்திருக்கிறோம். அதுவும் நான் எழுதிய வரியைக் காட்டி.

"அந்த நேரத்துலதான்டா இடி வரும்!"

"அறிக்கையில ஒண்ணும் போடலயே?"

"போட்டேன். அடிச்சிட்டாங்க."

"அப்ப ஏதாவது காரணம் இருக்கும். நீ எல்லாத்துக்கும் குதிப்ப" என்று சிரித்தபடி வைத்துவிட்டான்.

அன்றைக்குச் சாயங்காலமே ரேடாரில் மேற்கே மேகம் குபுகுபுவென்று எழும்பியது. கத்தரிக்கோலிடம் ஓடினேன். அடுத்த படம் வரட்டும், பார்க்கலாம் என்றார். கூரை மேல் ஏறுகிறவர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் போவார்கள், அதனால் தம்பியைக் கூப்பிட்டும் பயனில்லை. டாக்சி பிடித்துக் குடோனுக்குப் போய், வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சூப்பர்வைசர் வந்து விசாரித்தார். வானிலை நிலையம் என்றதும் மறுபேச்சில்லாமல் எல்லாரையும் இறக்கினார். அந்த மட்டுக்கும் நல்ல மனிதர். அத்தனை பேரும் கீழே ஒதுங்கி நின்றோம். காற்று ஒரு தடவை மண்ணை வாரி முகத்தில் அடித்தது. அப்புறம் மேகம் எங்களை எட்டிக்கூடப் பார்க்காமல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்க் கொட்டித் தீர்த்தது. அங்கே மின்கம்பங்கள் சாய்ந்ததெல்லாம் பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் ஒரு சொட்டு விழவில்லை. எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், கடைசியில் தம்பியைப் பார்த்தார்கள்.

"நாளைலேருந்து குடையப் புடிச்சிக்கிட்டே ஷீட் மாட்டு மச்சான்" என்றான் ஒருவன். பெரிய சிரிப்பு. தம்பியின் முகம் செத்துப்போனது.

"இனிமே அந்தப் பக்கம் வராத" என்றான், வீட்டுக்குள் நுழைந்ததும்.

"நாப்பதுன்னா இதுதான்டா! ஆத்துக்கு அந்தப் பக்கம் இருந்தவனப் போய்க் கேளு!"

"எனக்கு நாப்பது அம்பதெல்லாம் வேணாம். வருமா, வராதா? அத மட்டும் சொல்லு."

மறுநாள் நான் வீட்டில் இருந்தேன். அனுமதி இல்லாமல் நிலையத்தின் பெயரைச் சொன்னதற்காக, "ரெண்டு நாள் ரெஸ்ட் எடும்மா" என்று அனுப்பியிருந்தார் கத்தரிக்கோல். வெளியே அனல் பறந்தது. மதியத்துக்கு மேல் தம்பி ஷூவை மாட்டினான்.

"இன்னைக்குப் போகாத."

"எத்தனை இன்னைக்கு?" என்றான் நக்கலாக.

அன்றைக்கும் நாற்பதுதான். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் எதற்கும் நூறு என்று சொன்னதில்லை. வானத்தைப் படித்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள், எங்களுக்கு அது பொய்க்குச் சமம். அவன் இடுப்பு பெல்ட்டைப் பைக்குள் திணிப்பதைப் பார்க்கப் பார்க்கக் கோபம் தலைக்கேறியது. வரியை அடித்தவர் மேல், நேரத்தை மாற்றியவர் மேல், ஆமாம் இல்லை தவிர எதுவும் காதில் ஏறாத இவன் மேல்.

"நூறு" என்றேன்.

கை அப்படியே நின்றது. "நூறா? நீ நூறு சொல்லி நான் கேட்டதே இல்லையே."

"இப்ப சொல்றேன். நூறு."

ஷூவைக் கழற்றினான். கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, "எங்க அக்கா அடிச்சுச் சொல்றாங்கடா, போகாதீங்க" என்றான். நேற்று சிரித்தவர்களிடமே சொன்னான். பாதிப் பேர் கேட்டுக்கொண்டார்கள்.

சாயங்காலம் முழுக்க நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. வந்து தொலையேன் என்று வாய்விட்டே திட்டினேன். வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. இருட்டுகிற நேரத்தில், வேலைக்குப் போனவர்கள் கூரை மேல் நின்று இளிப்பதைக் கீழே இருந்து யாரோ எடுத்த படம் ஒன்று தம்பியின் போனுக்கு வந்தது. அதை என் முன்னால் வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்ப் படுத்தான்.

அடுத்த நாள் காலையில் கம்ப்யூட்டரில் வரைபடங்களைத் திறந்தேன். கடலிலிருந்து ஈரக்காற்று நேராக எங்கள் மேல் வந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் நான் பார்த்ததிலேயே மோசமான படம். கத்தரிக்கோலுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "பாக்கலாம்மா, நீ ரெஸ்ட் எடு" என்றார். எடுத்து எறிந்த போன் சுவரில் பட்டு விழுந்தது.

மதியத்துக்கு மேல் தம்பி பையைத் தோளில் மாட்டினான். நான் கதவை மறித்து நின்றேன்.

"இன்னைக்கு நெஜமாவே மோசம்டா. சத்தியமா சொல்றேன். எண்பது."

பையின் பட்டையை இறுகப் பிடித்திருந்த என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். கோபமெல்லாம் இல்லை, பாவம் என்கிற மாதிரிதான் என்னைப் பார்த்தான்.

"நூறே வரல. எண்பதா வந்துடப் போகுது?"